ஒரு காலுக்கு இரண்டு வேலை

கூடலூர்
12 ஜூலை 1943

மாமாவுக்கு ராஜாத்தி எழுதுவது.

கம்பம் சந்தையில் மண்வெட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மூன்று மாதம் ஆகிறது. மண்வெட்டியும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதை, உங்களோடு சேர்ந்த பலவேசத்தின் வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்த முகவரியும் அவர்கள் கொடுத்ததுதான். கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேனா? இழுத்திருப்பேன். அது தெரிந்துதான் சொல்லாமல் போனீர்கள்.

பஸ் முதலாளியோடு போட்ட சண்டையில் நியாயம் உங்கள் பக்கம்தான். பெட்ரோல் ரேஷன் வந்து மலைக்கு ஒரே பஸ் என்று ஆனதும், அவர் குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைக் கூரைமேல் அடுக்க ஆரம்பித்தார். இத்தனை பாரத்தோடு மலை இறங்க மாட்டேன் என்று இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை அவர் காலடியில் எறிந்துவிட்டு வந்தீர்கள். ஊரே உங்களை மெச்சியது. ஆனால் மறுநாள் என் தம்பி சுருளிவேல் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் உங்களுக்குக் கண் மண் தெரியவில்லை. உங்களுக்கே நாலு வருஷம் கண்டக்டராக இருந்தவன். லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை நாள் டிக்கெட் கிழிப்பான்? "எஞ் சீட்டுல உக்காந்தவன் இருக்கிற ஊர்ல நான் இருக்க மாட்டேன்"னு கத்தினீர்கள். அது வெறும் பேச்சு என்று நினைத்தேன்.

இப்போது அவன் பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்குகிறான். மலையடியில் லோயர் கேம்ப் பக்கம் நம் வயலில் நிற்கும்போது எனக்குக் கேட்கிறது. நீங்கள் ஓட்டியபோது கடைசி வளைவுக்கு முன்னால் இன்ஜின் ஒரு தரம் உறுமும், உடனே பஸ் அடங்கி நடந்து வரும். இவன் ஓட்டினால் கிறீச் சத்தம்தான். கீழே வந்ததும் சக்கரத்தில் புகை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

கோபம் தீர்ந்ததா? தீர்ந்திருந்தால் வந்துவிடுங்கள்.

ராஜாத்தி

*

30 ஆகஸ்ட் 1943

ராஜாத்தி,

நான் இருக்கும் இடத்தின் பெயரை எழுதக் கூடாது. எழுதினால் மை தடவி அழித்துவிடுவார்கள். மலை, மழை, சேறு என்று மட்டும் தெரிந்துகொள்.

சொல்லாமல் வந்தது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. உன்னிடம் சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன்.

உன் தம்பியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். நான் எறிந்த ஹேண்டிலை மறுநாளே குனிந்து எடுத்தவன் அவன். நான் எதற்காக எறிந்தேன் என்று அவனுக்குத் தெரியாதா? நாலு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தான். ஒரு நாளாவது என் காலைப் பார்த்திருப்பானா?

காய்ந்த பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றும் மடையன் யார்? வெடித்துப் போகும். அதை மட்டும் நிறுத்தச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அவன் அந்த சீட்டை விட்டு இறங்கட்டும். அப்புறம் நான் லீவு கேட்கிறேன். அதுவரை என்னை எதிர்பார்க்காதே.

கர்ணன்

*

கூடலூர்
2 அக்டோபர் 1943

மாமாவுக்கு,

போன வாரம் மலை இறங்கும்போது இரைச்சல் பாலத்தைத் தாண்டியதும் பிரேக் பிடிக்கவில்லை. தம்பி பஸ்ஸை மலைப்பக்கமாக ஒடித்துப் பாறையில் உரச விட்டு நிறுத்தினான். வலப்பக்கம் முழுவதும் தகரம் உரிந்துவிட்டது. பவுனு அத்தைக்குக் கை முறிந்தது. இடப்பக்கமாக ஒடித்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, மச்சான் கால்ல என்னமோ பண்ணுவாகக்கா. பிரேக்கு மேல கால் இருக்கும், ஆனா இன்ஜினு உறுமும். எப்படின்னு ஒரு நாளு கேட்டிருக்கலாம். டிக்கெட்டக் கிழிச்சுக்கிட்டு வேடிக்க பாத்துட்டேன்"னு அழுதான். நீங்கள் எழுதியதையே அவனும் சொன்னான், பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டை விட்டு இறங்கச் சொல்கிறீர்கள். சொல்ல மாட்டேன். இவன் இறங்கினால் முதலாளி இவனைவிடத் தெரியாத ஒருவனை உட்கார வைப்பார். மூட்டை குறையாது. ஏறிப் போகிறவர்கள் நம் சனம்தான். உங்கள் ரோஷத்துக்கு இத்தனை பேர் உயிர் போக வேண்டுமா?

சொல்லிக்கொடுங்கள். அவன் உங்களுக்கு ஆகாதவன் என்றால் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எனக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் கற்றுக்கொண்டு அவனுக்குச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தானே, ஒரு மிதியைப் பற்றி எழுதினால் புரியாதா?

ராஜாத்தி

*

25 நவம்பர் 1943

ராஜாத்தி,

உனக்குத்தான் எழுதுகிறேன். அவனுக்கு இல்லை.

இறக்கத்தில் கீழ் கியருக்கு வர வேண்டும். கிளச்சை மிதித்து கியரை நடுவுக்கு இழுக்கணும், கிளச்சை விடணும். அந்த நேரம் இன்ஜினை ஓர் உறுமல் உறும வைக்கணும். அப்போதுதான் உள்ளே இருக்கும் பல்லுச்சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வந்து ஒன்றோடொன்று கடிக்காமல் சேரும். மறுபடி கிளச், கீழ் கியர். சொல்லத்தான் இவ்வளவு நேரம், செய்ய ஒரு மூச்சு.

ஆனால் அந்த ஒரு மூச்சில் பஸ் எந்த கியரிலும் இல்லாமல் சும்மா உருளும். மலையில் சும்மா உருளும் பஸ் யார் பேச்சையும் கேட்காது. அதனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. ஆக்சிலேட்டரையும் மிதிக்க வேண்டும். இடது கால் கிளச்சுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது கால். ஒரு காலுக்கு இரண்டு வேலை. முன்பாதம் பிரேக்கை அழுத்தியபடியே இருக்கும். குதிகால் மட்டும் விலகி ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டும். செருப்புப் போட்டுக்கொண்டு முடியாது. வெறுங்காலுக்குத்தான் எவ்வளவு அழுத்தினோம் என்று தெரியும். இங்கே பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டியதற்கு நான் திட்டு வாங்கினேன்.

நம் பஸ்ஸில் ஆக்சிலேட்டர் எட்டி இருக்கிறது, குதிகால் போகாது. அதற்காக நான் ஓர் இரும்பு நாக்குச் செய்து அதன் ஓரத்தில் பூட்டியிருந்தேன். வரும்போது கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இந்த லாரியில் இருக்கிறது. அதை அனுப்பினாலும் பயனில்லை, அது என் பாதத்துக்குச் செய்தது. உன் தம்பிக்குச் சின்னப் பாதம்.

அவன் முன்பாதத்திலிருந்து குதிகால் வரை ஈர்க்கில் ஓர் அளவு எடு. பிரேக்கை நன்றாக அழுத்தச் சொல்லி, அதற்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவில் இன்னோர் அளவு எடு. இரண்டு ஈர்க்கையும் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.

பவுனு அத்தைக்குக் கை கூடிவிட்டதா?

கர்ணன்

*

கூடலூர்
20 டிசம்பர் 1943

மாமாவுக்கு,

நாக்கையும் கழற்றிக்கொண்டா போனீர்கள்! சீட்டு வேண்டாம் என்று எறிந்தவருக்கு இரும்புத் துண்டுமேல் என்ன ஆசை? இதைப் படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து உங்களை நன்றாக வைதேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மண்வெட்டி வாங்கப் போன மனிதர் மடியில் அதை முடிந்துகொண்டு போயிருக்கிறீர்கள்.

ஈர்க்கு இரண்டும் உள்ளே இருக்கின்றன. நூல் கட்டியது தம்பியின் பாதம். நூல் கட்டாதது மிதிக்கு மிதி. அளவெடுக்க நானே கம்பத்துக்குப் போய் ஷெட்டில் பஸ்ஸுக்கு அடியில் தலையை விட்டேன். மெக்கானிக் செல்வமணி, "ஏம் ஆத்தா, மாவாட்டுற கை இங்கன எதுக்கு?"னு கேட்டார். மச்சான் அனுப்பச் சொன்னாக என்று தம்பி சொன்னதும் வாயை மூடிக்கொண்டு லாந்தரைப் பிடித்தார்.

முற்றத்தில் மூன்று செங்கல் வைத்துத் தம்பியைப் பழக்குகிறேன். முதலில் குதிகால் திரும்பினால் முன்பாதமும் கூடவே திரும்பியது. நான் சொன்னேன், "ஏலே, ஆட்டுக்கல்லுல ஒரு கை சுத்திக்கிட்டே இருக்கும், இன்னொரு கை மாவத் தள்ளும். சுத்துற கை நிக்குதா? அதே மாதிரிடா." அதற்குப் பிறகு கொஞ்சம் வந்தது.

நீங்கள் எனக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுதியது இதுதான் முதல் தடவை. முழுவதும் மிதியைப் பற்றித்தான். இருந்தாலும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

ராஜாத்தி

*

9 பிப்ரவரி 1944

ராஜாத்தி,

உன் ஈர்க்கு என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் வெள்ளைக்கார ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, இது என்ன ரகசியக் குறி, எந்த எதிரிக்கு என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. பூட்ஸைக் கழற்றி, தரையில் இரண்டு சிகரெட் பெட்டியை வைத்து மிதித்துக் காட்டினேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். அவர் ஊரில் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் செய்வார்களாம். அவரும் ஓட்டியிருக்கிறாராம். அவர்கள் வேகம் குறையாமல் வளைவுக்குள் போகச் செய்வதை நாம் சனங்கள் உயிரோடு இறங்கச் செய்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். ஈர்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நூல் கட்டிய ஈர்க்கை ஒடித்து உள்ளே வைத்திருக்கிறேன். நாக்கின் நீளம் அதுதான். கொல்லரிடம் கொடு. நுனி கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கட்டும். மேலே பழைய டயர்த் துண்டு ஒட்டச் சொல், இல்லாவிட்டால் இரும்பு சுட்டுக் குதிகால் வெந்துபோகும். முக்கியமானது ஒன்று. பிரேக்கை முழுக்க அழுத்தியபோது அதன் மட்டமும் நாக்கின் மட்டமும் ஒன்றாக வர வேண்டும். நாக்கு மேலே நின்றால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தானாக இன்ஜின் ஏறும், அது எமன். கீழே போனால் குதிகால் காற்றைத்தான் மிதிக்கும். பிரேக் தேயத் தேய இந்த மட்டம் மாறும். வாரம் ஒரு தடவை பார்க்கச் சொல்.

அவனிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

இந்தப் பக்கம் சண்டை நெருங்கி வருகிறது. அதனால் கடிதம் தாமதமாகலாம். லீவு கேட்டிருக்கிறேன்.

கர்ணன்

*

கூடலூர்
15 மார்ச் 1944

மாமாவுக்கு,

வந்துவிட்டது! போன வாரம் கொல்லர் நாக்கை அடித்துக் கொடுத்தார். நேற்று வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன். மேலே இன்ஜின் உறுமியது, ஒரே ஒரு தரம். பிறகு பஸ் பொறுமையாக நடந்து வந்தது. பிரேக் கத்தவே இல்லை. நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று சேற்றுக் காலோடு ரோட்டுக்கு ஓடினேன். ஸ்டியரிங்கில் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் சந்தோஷப்படாமல் நான் அழுததை அவன் இன்றுவரை கேலி செய்கிறான்.

கூடலூரில் இறங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மச்சான் வரட்டும்க்கா, அவக சீட்டு அவகளுக்குத்தான். நான் மறுபடி பையத் தூக்கிக்கிறேன்." இதை உங்களுக்கு எழுதச் சொன்னான்.

இனி உங்களுக்கு என்ன சாக்கு? லீவில் வாருங்கள். பட்டாளத்து பூட்ஸ் இந்த ஊர் ரோட்டில் வேண்டாம். உங்களுக்கு ஒரு ஜோடி செருப்புத் தைக்கச் சொல்லப் போகிறேன். பாதத்தின் அளவை அனுப்புங்கள். இப்போது கேட்கும் முறை என்னுடையது.

ராஜாத்தி

*

பூனா, பட்டாளத்து ஆஸ்பத்திரி
28 ஜூன் 1944

ராஜாத்தி,

நீ கேட்ட அளவை உள்ளே வைத்திருக்கிறேன். இங்கே ஈர்க்குக் கிடைக்கவில்லை, இது மூங்கில் சிம்பு. இடது கால் அளவு இது.

வலது காலுக்கு அளவு இல்லை. ரோட்டில் புதைத்திருந்த வெடியில் லாரியின் முன்பக்கம் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் நடந்தது. இத்தனை நாள் உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பலவேசம் போய்விட்டான். அவன் வீட்டுக்குத் தந்தி வந்திருக்கும். அவன் ஆத்தாளைப் போய்ப் பார்.

ஒரு செருப்பு போதும்.

கர்ணன்

*

கூடலூர்
19 ஜூலை 1944

மாமாவுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் அழுதேன். இரண்டாம் நாள் பலவேசத்தின் ஆத்தாளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தம்மாளைப் பார்த்த பிறகு எனக்கு அழ வாய் வரவில்லை. எனக்கு ஆள் இருக்கிறது. அந்தம்மாளுக்குத் தந்திதான் இருக்கிறது.

இன்று சிம்பை எடுத்துக்கொண்டு செருப்புத் தைப்பவரிடம் போனேன். அளவைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்க ஆத்தா?"ன்னு கேட்டார். "அவுக வந்து சொல்லுவாக"ன்னு சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு எப்படி வலிக்கிறது? யார் சோறு போடுகிறார்கள்? கட்டைக் கால் வைப்பார்களாமே, அது பழக எத்தனை நாள்? எல்லாம் எழுதுங்கள். மிதியைப் பற்றி அத்தனை விவரமாக எழுதத் தெரிந்தவருக்கு இதை எழுத முடியாதா? நான் பயப்பட மாட்டேன்.

தம்பி சோறு தின்ன மாட்டேன் என்கிறான். சீட்டில் உட்கார்ந்த பாவம் என்கிறான். அவனுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ராஜாத்தி

*

பூனா
11 செப்டம்பர் 1944

ராஜாத்தி,

சுருளிவேலுவிடம் சொல், பாவமும் இல்லை ஒன்றும் இல்லை. வெடிக்கு யார் சீட்டு என்று தெரியாது. அவன் ஓட்டட்டும்.

நான் வரவில்லை. என்னை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் தெரியாதவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இனி என்னவென்று கூப்பிடுவார்கள் என்பது உனக்கும் தெரியும், நம் ஊர் வாய் உனக்குத் தெரியாததா? அவன் ஓட்ட, நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து நேரம் சொல்லவா? இறக்கத்தில் ஒருவன் கியர் மாற்ற, நான் பின்னால் உட்கார்ந்து சரியா தப்பா என்று பார்க்கவா? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அது அந்தக் காலில் இருந்தது.

நீ உன் தம்பியோடு இரு. அவன் நல்லவன்தான்.

கர்ணன்

*

கூடலூர்
5 நவம்பர் 1944

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். மனசு வரவில்லை.

நான் டிரைவரையா கட்டிக்கொண்டேன்? என்னைக் கட்டியபோது நீங்கள் மாட்டுவண்டிதான் ஓட்டினீர்கள். ஹேண்டிலை எறிந்துவிட்டு வந்த அன்று நீங்கள் டிரைவர் இல்லை. அன்று ராத்திரி உங்களுக்குச் சோறு போடாமல் இருந்தேனா? உங்களுக்கு ஒரு கால் போனது. எனக்கு முழு ஆளும் போனால் சம்மதமா? உங்கள் ரோஷத்தில் நான் எங்கேதான் இருக்கிறேன், ஒரு மூலையிலாவது இருக்கிறேனா?

ஊர் நொண்டி என்று சொல்லும். நாலு நாள் சொல்லும். பிறகு அதுவும் ஒரு பெயராகிவிடும். அதை நான் சகித்துக்கொள்வேன். நீங்கள் இல்லாததை என்னால் சகிக்க முடியவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும், மாமா. இதைவிட வெட்கம் கெட்டு ஒருத்தி எப்படி எழுதுவாள்?

தை முடிவதற்குள் வருகிறேன் என்று எழுதாவிட்டால் நான் பூனாவுக்கு வருவேன். சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தேனியில் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். மதுரை வரை நடந்தாவது வருவேன்.

ராஜாத்தி

*

பூனா
22 ஜனவரி 1945

ராஜாத்தி,

நீ வர வேண்டாம். நான் வருகிறேன். சித்திரையில். கட்டைக் கால் பொருத்திவிட்டார்கள், கம்பு ஊன்றி நடக்கிறேன். தேதி சொல்ல மாட்டேன். யாரும் ஸ்டாண்டுக்கு வரக் கூடாது.

உன் போன கடிதத்தை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

கர்ணன்

*

4 மே 1945

ராஜாத்தி,

நான் வந்தேன்.

மதுரை வழியாக வந்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கொச்சி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் மாறி மாறிக் குமுளிக்கு வந்தேன். தாடியும் தலைத்துண்டுமாக நம் பஸ்ஸில் பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உன் தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். கூடலூரில் இறங்கி உன்னிடம் வருவதுதான் என் எண்ணம். சத்தியமாக அதுதான் எண்ணம்.

இரைச்சல் பாலத்துக்கு முன்னால் அவன் கியரை இறக்கினான். நன்றாகச் செய்தான், ராஜாத்தி. என்னைவிட மெதுவான தட்டு. அவன் தட்டியபோது என் குதிகாலும் தட்டியது. இல்லாத குதிகால். கட்டையைக் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவர், "வலிக்குதா தம்பி?"ன்னு கேட்டார். இல்லை என்றேன்.

கடைசி வளைவுக்கு வந்தோம். மறுபடி உறுமினான். பஸ் நடக்கிற வேகத்துக்கு வந்தது. கீழே வயலில் நீ நின்றாய். களைக்கொட்டோடு நிமிர்ந்தாய். சிரித்தாய். நான் அந்த வழியில் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், ரோட்டைப் பார்க்கிற கண்ணுக்கு அந்தச் சிரிப்பு ஒரு நாளும் தெரிந்ததில்லை. இத்தனை நாள் அந்தச் சத்தத்துக்கு நீ இப்படிச் சிரித்திருக்கிறாய். அது இப்போது உன் தம்பியின் காலில் இருக்கிறது. என்னிடம் இல்லை. அந்த முகத்துக்கு முன்னால் போய் கம்பு ஊன்றி நின்றால் அது என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூடலூரில் பஸ் நின்றது. எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். கம்பத்தில் இறங்கி மதுரை பஸ் ஏறினேன்.

பூனாவுக்குத் திரும்பவில்லை. எங்கே போகிறேன் என்று எழுதவில்லை. தேட வேண்டாம். உன் சிரிப்பு நன்றாக இருக்கிறது, அப்படியே இரு.

கர்ணன்

*

கூடலூர்
9 மே 1945

மாமாவுக்கு,

சத்தத்துக்குச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் கேட்கிற சத்தத்துக்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

நான் உங்களைப் பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பியபோது பின் ஜன்னலில் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். தாடியை வளர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா? அந்தக் கையோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். வந்துவிட்டார் என்று சிரித்தேன். உங்களைப் பார்த்துத்தான் சிரித்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள், பார்த்துக்கொண்டே போனீர்கள்.

மாமா என்று கத்தினேன். கையைத் தூக்கி வரப்பில் ஓடி வந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி இன்னொரு கியர் இறக்கினான். இன்ஜின் உறுமியது. நானே செங்கல் வைத்துப் பழக்கிய உறுமல். என் குரல் அதற்குள் போய்விட்டது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் இனி அந்த வளைவில் குதிகாலைத் தட்ட மாட்டான். பஸ் நிறையச் சனம் வருகிறது.

பஸ்ஸுக்குப் பின்னால் கூடலூர் வரை ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் கம்பத்துக்குப் போய்விட்டது. ஸ்டாண்டில் வெற்றிலை விற்கும் சங்கிலியம்மாளிடம் கேட்டேன். "கம்பு ஊனுன ஆளா? இங்கன யாரும் எறங்கலையே ஆத்தா"ன்னு சொன்னாள். நான் நம்பவில்லை. ஊர் பார்க்கக் கூடாது என்று முன்னாலேயே எங்கோ இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து வருகிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். அங்கே நீங்கள் இல்லை என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன். வேறு முகவரி எனக்குக் கொடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன். சீலை மாற்றினேன். அரிசி களைந்து வைத்தேன். கட்டைக் காலோடு அந்தத் தூரம் நடந்து வர நேரம் ஆகும், நீங்கள் வந்து உட்காரும்போது சோறு ஆறியிருக்கக் கூடாது என்று உலையைத் தாமதமாகத்தான் வைத்தேன்.

ராஜாத்தி